புதியவர்க்கு ஏற்ற பலகை விளையாட்டு



பெருநாளுக்கோ தைப்பொங்கலுக்கோ நண்பர் வீடு செல்லும்போது வெறுங்கையோடு செல்வது நம் வழக்கமன்று. பலகாரம் கொண்டு போவோம். அண்மைக் காலத்தில் விளையாட்டுப் பெட்டிகளைக் கொடுக்கும் பழக்கமும் மாணவரிடையே தோன்றியுள்ளது. அவ்விதம் கொடுத்து நாங்கள் அடைந்த தோல்வியையே இன்று கூற வந்தோம்.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளன்று, சாய்ந்தமருதிலுள்ள தோழர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். பல்கலைக்கழகத்தில் நாங்கள் விரும்பி ஆடும் மேல்நாட்டு விளையாட்டொன்றை அன்பளிப்பாகக் கொடுத்தோம். அதன் விதிகளோ ஆங்கிலத்தில் 12 பக்கம். அவற்றை விளக்கி முடிக்குமுன் வட்டிலப்பமும் தேநீரும் முடிந்துவிட்டன. சிறுவர்கள் கடற்கரைக்கு ஓடிவிட்டனர். பெட்டியிலிருந்து இரு பகடைகள் உருண்டபோது, தோழரின் வாப்பா ஒன்றும் கூறாது எழுந்து சென்றார்.

பகடையாட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழி உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம். பல ஆண்டு அருகில் இருந்தும் அறியாதது எங்கள் குறையே. தருமர் நாடிழந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், வள்ளுவர் சூதுக்கென ஓரதிகாரம் வகுத்ததைப் படித்தவர்கள், இதனைத் தாமாகவே எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

எங்களுக்கு இனித்ததைக் கொடுத்தோம், பெறுபவரை எண்ணவில்லை. பிழை அதுதான். ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குப் பரிசு வழங்கி வருகிறார்கள். அந்நடுவர்களே 2011-ல், பழகிய ஆட்டக்காரருக்கென வேறொரு பரிசை ஏற்படுத்தினர். பழகியவர்க்கு உகந்தது புதியவர்க்குச் சுமையாகலாம் என்பதை அவர்களும் கண்டனர் போலும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வேறு விதமாகச் சென்றோம். ஒரு பலகையில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளை வரைந்தோம். 3 சிப்பிகள் புலிகள். 15 புளியங்கொட்டைகள் ஆடுகள். ஆட்டைத் தாண்டி வெற்றிடத்தில் புலி குதித்தால், அவ்வாடு வெட்டுண்டது. புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. விதி இவ்வளவே. பகடையில்லை, பணயமில்லை, படிக்கவேண்டிய தாளுமில்லை.

தோழரின் உம்மம்மா ஆடுகளை எடுத்தார். மூன்றாம் ஆட்டத்தில் எங்கள் புலிகள் மூன்றும் அடைபட்டன. "மகன், ஒங்கட புலிக்குப் போக வழியில்லியே!" என்று அவர் சிரித்தபோது, வாப்பாவும் கதிரையை இழுத்து அருகில் அமர்ந்தார்.

ஆகவே நண்பர்களே, அவ்வீட்டில் ஆடுவோர் எத்தனை பேர், வயதென்ன, அவர்கள் விலக்குவது யாது என்று முதலில் விசாரியுங்கள். ஐந்து நிமிடத்தில் வாயாற் சொல்லக்கூடியதும், அரை மணியில் முடியக்கூடியதுமான ஆட்டத்தைத் தெரிந்தெடுங்கள். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாது, முதலாட்டத்தை உடனிருந்து ஆடுங்கள், தோற்றாலும் நன்றே. இக்கரையில் வேலிக்கு வேலி வாழும் நமக்கு, ஒரு பலகையின் இருபுறமும் அமர்ந்திருக்கும் அந்த அரை மணி சிறு பொருளன்று.