குழந்தைக்கு மருந்தூட்டும் பொறுப்பு

(வேங்கிக்காலில் நடைபெற்ற நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரேயன்றி மருத்துவர் அல்லேம். ஆயினும் மருந்தைப்பற்றி இங்கே பேசத் துணிந்தோம். எம் இல்லத்தில் எம் அறியாமையால் நேர்ந்த பிழையொன்றை மறையாது கூறின், அது பிறர்க்குப் பயன்படும் என்பதே காரணம்.

சென்ற ஐப்பசி அடைமழையில் எம் இளைய மகளுக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் கண்டன. மூத்த மகனுக்கு முன்னர் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளிற் சில வீட்டில் எஞ்சியிருந்தன. அவனுக்குக் காய்ச்சல் இரண்டு நாளில் தணிந்தமையால் மீதியைக் கொடாது நிறுத்தியிருந்தோம். அவற்றுள் ஒன்றைக் கண்மதிப்பாகப் பாதியாக ஒடித்து இளையவளுக்கு ஊட்டினோம். அன்றிரவே குழந்தையின் மேனியெங்கும் தடிப்பு எழுந்தது, உதடுகள் வீங்கின. ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். “இம்மருந்தை முன் எப்போதேனும் கொடுத்ததுண்டா?” என்று மருத்துவர் வினவினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததும், அப்போது சிறு தடிப்பு உண்டானதும், அதை வேர்க்குருவென்று எண்ணி விட்டதும் எம் மனைவியார்க்கு அப்பொழுதுதான் நினைவிற்கு வந்தன. ஆய்ந்து பார்த்த மருத்துவர், இஃது வைரசால் வந்த காய்ச்சலாகவே தோன்றுகிறது, இதற்கு அம்மருந்து வேண்டுவதேயில்லை என்றார். குழந்தை பிழைத்தது இறைவன் அருள். துன்புற்றது எம் செயல்.

அன்பர்களே! நுண்ணுயிர்க்கொல்லி என்றும், ஆன்டிபயாட்டிக் என்றும் வழங்கும் மருந்து பாக்டீரியாக்களை மட்டுமே வெல்லும். சளி, இருமல், காய்ச்சல்களிற் பெரும்பாலானவை வைரசால் வருவன. அவற்றின்முன் இம்மருந்து செயலற்றது. நிமோனியா, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று முதலியவற்றில் இதுவே உயிர்காப்பது. இன்னது எதனால் வந்தது என்று தேர்தல் மருத்துவர் தொழில், நம் தொழிலன்று.

இலக்கணத்தில் மாத்திரை என்பது ஒலியின் அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை மிகுந்தால் ‘கல்’ என்பது ‘கால்’ ஆகிவிடும். மருந்தின் மாத்திரையும் அத்தகையதே. குழந்தைக்குரிய அளவை மருத்துவர் பெரும்பாலும் உடலின் எடைகொண்டு கணக்கிடுவர். ஆதலின் அண்ணனுக்குரியது தங்கைக்கு ஆகாது. சென்ற ஆண்டின் அளவு இவ்வாண்டிற்கு ஆகாது. வீட்டுக் கரண்டிகள் ஒன்றற்கொன்று வேறுபடுவன; மருந்துடன் வரும் மூடியாலோ, அளவுக்குழலாலோ மட்டுமே அளத்தல் வேண்டும். பொடியாக வரும் புட்டியிற் கொதித்தாறிய நீரைக் குறித்த கோடுவரை வார்த்து, ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்கி ஊட்டல் வேண்டும். கலந்தபின் இத்தனை நாளைக்கென்று புட்டியின்மேல் எழுதியிருக்கும். அந்நாள் கடந்தால் எஞ்சியதைக் கொட்டிவிடுதலே நன்று.

மருத்துவர் குறித்த நாட்களை நாமாகக் குறைத்தலும் நீட்டித்தலும் தவறு. பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசு ஏற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அவ்வாறு பழகிய கிருமி நம் வீட்டோடு நில்லாது அண்டை வீட்டுக் குழந்தையையும் பற்றும். இவ்விடர் கண்டே 2012இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் பல கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. பின்னர் மத்திய அரசு எச்1 என்னும் அட்டவணையை வகுத்து, 2014 மார்ச்சு 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதிலுள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது. விற்பவர் நோயாளி பெயரையும் மருந்தின் அளவையும் ஏட்டில் பதிந்து மூன்றாண்டு காத்தல் வேண்டும். சட்டம் இவ்வாறிருக்க, “போன தடவை கொடுத்ததையே கொடுங்கள்” என்று கடைக்காரரை நாமே வற்புறுத்துவது முறையாகுமா?

வள்ளுவர் பெருமான் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து ஊட்டுவோன் என நான்காகப் பகுத்தனர். குழந்தை தன் நோயைத் தானே சொல்லமாட்டாதாகையால், அந்நான்காமவராகிய பெற்றோர்க்கே பொறுப்பு மிகுதி. தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல், வலிப்பு, பால் பருகாமை, எழுப்பினும் எழாத மயக்கம் இவற்றுள் ஒன்று காணினும் பொழுது விடியட்டுமென்று இராது 108 வண்டியை அழைத்தல் வேண்டும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தொலைவிலில்லை.

முடிவாக இரண்டு விண்ணப்பங்கள். ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைக்கொரு குறிப்பேடு வைத்து, எடையையும், உண்ட மருந்தையும், ஒவ்வாத மருந்தின் பெயரையும் எழுதி, மருத்துவரிடம் செல்லும்போது கொண்டு செல்லுங்கள். அத்தகைய ஏடு எம்மிடம் இருந்திருப்பின் எம் மகள் அவ்விரவு துன்புற்றிராள். மற்றொன்று சங்கத்தாருக்கு: ஆண்டுவிழாவிற் பொன்னாடைக்கும் மாலைக்கும் ஆகும் தொகையிற் சிறிது குறைத்து, சிறுவர் உள்ள வீடுதோறும் ஓர் அளவுக்குழலும் ஒரு குறிப்பேடும் வழங்குக. எமக்கென வைத்திருக்கும் பொன்னாடையை முதலிற் குறைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.