பகிர்ந்தால் குறையும் பாரம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.



சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கிறது, தணிக்கையும் நடந்திருக்கிறது. நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது வேறொரு கணக்கு. அது நம் இல்லங்களின் நேரக் கணக்கு. இந்தக் கணக்கில் வரவு எல்லோருக்கும் ஒன்றே. நாளுக்கு 24 மணி நேரம். ஆனால் அது யாருடைய கையிலிருந்து எவ்வளவு செலவாகிறது என்பதை நாம் எழுதி வைப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை.

ஓர் இல்லத்தின் ஒரு நாள்

நம் திண்டுக்கல்லில் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சுபுஹுக்கு எழுந்த தாய், பால் காய்ச்சுகிறார். குழாயில் தண்ணீர் வரும் நாளாயின் குடங்களையும் தொட்டியையும் நிரப்புகிறார். காலை உணவு, மதிய உணவு இரண்டையும் ஒருசேரச் சமைக்கிறார். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறார். முதியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறார். துணி, பாத்திரம், கூட்டுதல், துடைத்தல் என்று வரிசை நீள்கிறது. மாலையில் பிள்ளைகளை மதரஸாவுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் அடுப்பைப் பற்றவைக்கிறார். இவற்றுடன் எரிவாயு உருளைக்கு எப்போது பதிவு செய்வது, மின்கட்டணத்திற்குக் கடைசி நாள் எது, ரேஷன் கடையில் என்று பொருள் போடுவார்கள் என்பவற்றை நினைவில் வைத்திருப்பதும் அவர் பொறுப்பே.

அத்தாய் நூற்பாலைக்கோ, பள்ளிக்கூடத்திற்கோ, மருத்துவமனைக்கோ வேலைக்குச் செல்பவராக இருந்தால், இவ்வளவும் எட்டு மணி நேர வேலைக்கு முன்னும் பின்னும் நடந்தாக வேண்டும். கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிபவராக இருந்தால், வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகிய வெளிவேலைகளும் அவருடைய தோளில்தான் வந்து சேர்கின்றன.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலைமை அன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடங்கள். அதாவது ஐந்து மணி நேரத்திற்குப் பதினொரு நிமிடமே குறைவு. அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்களோ 88 நிமிடங்களே செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்களின் தொகையே மிகக் குறைவு என்பதையும் சேர்த்து எண்ணினால், இடைவெளி இன்னும் பெரிதாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில், 'பர்ன் அவுட்' எனப்படும் பணிச்சோர்வைத் தனது நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணியிடம் சார்ந்த நிகழ்வாக விளக்கியது. ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் வேலையின் மீது வெறுப்பும் விலகலும் தோன்றுதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அவ்விளக்கம் ஊதியம் பெறும் பணியிடத்திற்கே பொருந்தும் என்று அந்நிறுவனம் கூறுகிறது. ஆனால் இம்மூன்று அடையாளங்களும் நம் அடுக்களைகளில் இல்லையா? காரணமின்றிப் பிள்ளையின் மீது எரிந்து விழும் தாயை நாம் கோபக்காரி என்கிறோம். அவர் ஓய்ந்து போயிருக்கிறார் என்று எண்ணுவதில்லை.

நோன்புக் கஞ்சி கற்றுத்தரும் பாடம்

வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பதைக் கணினி நிறுவனத்தார் 'அவுட்சோர்ஸிங்' என்கிறார்கள். சொல் புதிது, செயல் நமக்குப் புதிதன்று. ரமலான் மாதத்தில் அஸருக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் தூக்குச்சட்டிகளுடன் நிற்கும் சிறுவர் சிறுமியரை நினைத்துப் பாருங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் சேர்த்துப் பெரிய தேக்சாவில் காய்ச்சப்படும் கஞ்சி, மஹல்லாவின் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. 2001ஆம் ஆண்டிலிருந்து தமிழக அரசும் இதற்கென்று பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது.

ஒரு கணக்குக்காக, 200 வீடுகள் கஞ்சி பெறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே காய்ச்ச ஒரு மணி நேரம் ஆனால், மொத்தம் 200 மணி நேரம். பள்ளிவாசலில் நால்வர் ஐந்து மணி நேரம் உழைத்தால் 20 மணி நேரத்தில் அதே வேலை முடிந்துவிடுகிறது. மிச்சமாகும் 180 மணி நேரமும் நோன்பு நோற்றுக் களைத்திருக்கும் நம் தாய்மார்களுக்குக் கிடைக்கும் ஓய்வு. ஓதுவதற்கும் தொழுவதற்கும் கிடைக்கும் நேரம். பள்ளிவாசலில் கஞ்சி வாங்கும் பெண்ணை இதுவரை யாரேனும் சோம்பேறி என்று சொன்னதுண்டா? பிறகு ஏன், கடையில் தோசை மாவு வாங்கும் மருமகளை மட்டும் அவ்வாறு சொல்கிறோம்?

நம் பாட்டிமார்கள் நெல்லை உரலில் குத்தினார்கள், திரிகையில் திரித்தார்கள், ஆட்டுக்கல்லில் மாவரைத்தார்கள். அரிசி ஆலை வந்தது. மாவு மில் வந்தது. கோயம்புத்தூரில் உருவான மின் கிரைண்டர் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது 'ருசி போய்விட்டது, பெண்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது' என்றார்கள். ஆனால் உரலுக்குத் திரும்பிப் போனவர் எவருமில்லை. 2005ஆம் ஆண்டில் வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுச் சகோதரர்களும் பெங்களூரில் ஒரு சிறிய இடத்தில் இட்லி, தோசை மாவு அரைத்து விற்கத் தொடங்கினார்கள். இன்று அது பல நகரங்களில் விற்பனையாகும் பெரும் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. மக்கள் அங்கே விலை கொடுத்து வாங்குவது மாவை மட்டுமன்று, காலை நேரத்தையும்தான்.

அரசும் இவ்வழியில் சில சுமைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் குழந்தையின் பசியைப் போக்கியது. கூடவே, உழைக்கும் தாயின் மதியச் சமையலையும் குறைத்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட பள்ளிக் காலை உணவுத் திட்டம், வேலைக்கு விரையும் தாயின் காலை நேரத்தை எளிதாக்கியது.

2017ஆம் ஆண்டில் ஆஷ்லி வில்லன்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கனடாவின் வான்கூவர் நகரில் வேலைக்குச் செல்லும் 60 பேரிடம் ஒரு வார இறுதியில் 40 டாலர் கொடுத்து, நேரத்தை மிச்சப்படுத்தும் எதற்காவது செலவிடச் சொன்னார்கள். மற்றொரு வார இறுதியில் அதே தொகையைக் கொடுத்து, ஏதேனும் ஒரு பொருள் வாங்கச் சொன்னார்கள். நேரத்தை வாங்கிய நாளிலேயே அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியுடன் இருந்தனர். நாமோ சீர்வரிசைக்கும் பாத்திரங்களுக்கும் கடன் வாங்குகிறோம்; ஓய்வுக்கு ஒரு ரூபாய் ஒதுக்க மனம் வருவதில்லை.

முதலில் பகிர்வோம், பிறகு ஒப்படைப்போம்

எனினும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நான் கூறவில்லை. ஆண்களாகிய நாம் நம்முடைய வேலைகளை எப்போதோ ஒப்படைத்துவிட்டோம். சட்டை இஸ்திரிக் கடைக்குப் போகிறது. வாகனம் பட்டறையில் கழுவப்படுகிறது. விருந்து என்றால் பண்டாரி வந்து பிரியாணி சமைத்துத் தருகிறார். ஒப்படைக்கப்படாமல் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலைகளே. ஆகவே, எந்த வேலையை வெளியே கொடுப்பது என்பதை அவ்வேலையைச் செய்பவரே முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்குத் துணி துவைப்பது பாரமாக இருக்கும். மற்றொருவருக்கு மாலைச் சமையல் பாரமாக இருக்கும். கேட்டால்தான் தெரியும்.

ஆள் வைக்க வசதியில்லாத இல்லங்களே நம்மிடையே அதிகம். அவர்களுக்குச் செலவில்லாத வழி பகிர்வதுதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவி செய்ததையும், தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத கௌரவக் குறைவு, ஒரு பாத்திரத்தைக் கழுவுவதனால் நமக்கு வந்துவிடப் போவதில்லை. நம் பிள்ளைகளில் மகளிடம் மட்டும் துடைப்பத்தைக் கொடுத்து, மகனிடம் அலைபேசியைக் கொடுக்கும் வழக்கத்தையும் நாம்தான் மாற்ற வேண்டும்.

பாரத்தை இடம் மாற்றலாகாது

பெரியோர்களே! இவ்வுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுதான். நம் வீட்டு வேலையை ஏற்றுக்கொள்ளும் சகோதரிக்கும் ஒரு வீடு உண்டு. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு, ஐந்தாவதாகத் தம் வீட்டுப் பாத்திரத்தையும் அவர் துலக்கியாக வேண்டும். நம் சோர்வை அவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஓய்வெடுத்தால், பாரம் குறையவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அவர்களில் பலர் நம் மஹல்லாவின் விதவைகளாகவும், கைவிடப்பட்டவர்களாகவும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்பதையும், பணியாளர் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றக்கூடாது, ஏற்றினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பதையும் நாம் குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதை நடைமுறையில் எண்ணிப் பார்த்தால் பொருள் தெளிவாகும். மாதத்தின் முதல் நாளில் ஊதியம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. நோயுற்றால் ஊதியப் பிடித்தம் இல்லாமை. விருந்தினர் வந்து வேலை கூடினால் அதற்குத் தனித் தொகை. நாம் உண்ணும் தட்டிலேயே உணவு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று வீட்டுப் பணியாளர்களுக்கென 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்தால் பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, முதுமை ஆகியவற்றுக்கு உதவி பெற வழியுண்டு. இதை அறியாதவர்களுக்கு அறிவிப்பது, அவர்களிடம் வேலை வாங்கும் நம் கடமையாகும்.

கூட்டாகச் செய்யலாம்

தனித்தனியே நேரத்தை விலைக்கு வாங்க இயலாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்கலாம். தாவூதி போரா சமூகத்தார், 'ஃபைஸுல் மவாயித்' என்ற ஏற்பாட்டின் வழியாகப் பொது அடுக்களையில் சமைத்த உணவை வீடுதோறும் அனுப்பி வருகிறார்கள். எவரும் பசியோடு உறங்கக் கூடாது என்பதுடன், பெண்களின் சமையல் சுமை குறைய வேண்டும் என்பதும் அதன் நோக்கம். கேரளத்தின் பொன்னானியிலும் சில குடும்பங்கள் சேர்ந்து பொது அடுக்களை நடத்திப் பார்த்திருக்கின்றன. நம் நோன்புக் கஞ்சியின் வழியும் இதுவே. அதை ஆண்டின் ஒரு மாதத்தோடு ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கு நான்கு யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

1. கஞ்சி காய்ச்சும் அடுக்களையும் தேக்சாக்களும் மற்ற 11 மாதங்கள் பெரும்பாலும் பயன்படாமல் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் அங்கே பொதுச் சமையல் செய்து, அடக்க விலைக்கு வழங்கலாம். பிரசவித்த தாய்மார்கள், நோயாளிகள், தனித்து வாழும் முதியோர் ஆகியோருக்கு முன்னுரிமை தரலாம். சமைக்கும் சகோதரிகளுக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும். இலவச உழைப்பைக் கேட்கலாகாது.

2. மின்கட்டணம், ரேஷன் பொருள், அரசு மருத்துவமனை வரிசை ஆகிய வெளிவேலைகளில் முதியோருக்கும், கணவர் வெளிநாட்டில் உள்ள குடும்பத்தாருக்கும் உதவ, இளைஞர் குழு ஒன்று வாரம் ஒருமுறை பணியாற்றலாம்.

3. மதரஸாவுக்கும் பள்ளிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல, தெருவுக்கு ஒன்றாகக் கூட்டு ஆட்டோ ஏற்பாடு செய்யலாம்.

4. நம் மஹல்லாவில் வீட்டு வேலை செய்யும் சகோதரிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள, ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு நாள் முகாம் நடத்தலாம்.

'இதற்கெல்லாம் பணத்திற்கு எங்கே போவது?' என்று சிலர் கேட்கக்கூடும். முதல் யோசனைக்கு உண்பவர் தரும் அடக்க விலையே மூலதனம். நடத்த முடியாதவர்களின் பங்கை மட்டும் வசதியுள்ளோர் ஏற்றுக்கொண்டால் போதுமானது. மூன்றாவதற்கு, இப்போது தனித்தனியே செலவிடுவதைக் காட்டிலும் குறைவாகவே ஆகும். மற்ற இரண்டிற்கும் வேண்டியது பணமன்று. மனமும் சில மணி நேரமும்தான்.

இறுதியாக ஒன்று. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட இயலாது, ஒப்படைக்கவும் கூடாது. படுக்கையில் இருக்கும் தாயின் அருகில் அமர்ந்து பேசுவதையும், பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் முகம் பார்த்து நலம் கேட்பதையும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய முடியாது. மாவரைக்கும் நேரத்தையும் வரிசையில் நிற்கும் நேரத்தையும் நாம் மிச்சப்படுத்த முயல்வது, இவற்றுக்கு நேரம் வேண்டும் என்பதற்காகவே. மிச்சமான நேரத்தைத் தொலைக்காட்சித் தொடருக்கும் அலைபேசிக்கும் கொடுத்துவிட்டால், ஒப்படைத்ததன் பயன் இல்லாமற் போகும்.

இன்றிரவு வீடு திரும்பியதும், ஒவ்வொருவரும் தம் இல்லத்தாரிடம் 'உங்களுக்கு எந்த வேலை அதிகப் பாரமாக இருக்கிறது?' என்று ஒரேயொரு கேள்வி கேளுங்கள். விடையைப் பொறுமையுடன் கேளுங்கள். அதில் எதை நீங்களே செய்ய இயலும், எதை வெளியே கொடுக்க இயலும், எதை ஜமாஅத்தாகச் சேர்ந்து செய்ய இயலும் என்று அமர்ந்து பேசுங்கள்.

நம் இல்லங்களில் அமைதியையும், உழைப்போரின் உள்ளங்களில் நிறைவையும், நம் செல்வத்திலும் நேரத்திலும் பரக்கத்தையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக, ஆமீன்.