யார் வீட்டு அடுப்பு அணைந்தது?
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். எங்கோ இரண்டு அரசுகள் மோதிக்கொண்டால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தார். அது அக்கிரமம், அதில் இரண்டு கருத்தில்லை. நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு சபை 661ஆம் தீர்மானத்தின் மூலம் இரு நாடுகளுடனும் வணிகத்தைத் தடுத்தது. அப்போது குவைத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்களே அதிகம். அவர்களுக்கு அரிசி பருப்பு அனுப்பவும் இந்தியா ஐ.நா. தடைக் குழுவிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்த பிறகே 'விஸ்வ சித்தி' கப்பலின் உணவு அவர்களைச் சேர்ந்தது. லட்சத்துக்கு மேற்பட்டோர் அம்மான் வழியாக விமானத்தில் பம்பாய் வந்து இறங்கினார்கள். உழைத்துச் சேர்த்ததைப் பலர் அங்கேயே விட்டு வந்தார்கள்.

1991இல் குவைத் மீட்கப்பட்டது. ஆனால் ஈராக் மீதான தடை 2003 மே வரை நீடித்தது. குண்டுவீச்சில் மின்நிலையங்கள் நாசமாகியிருந்தன. மின்சாரம் இல்லாமல் குடிநீர் சுத்திகரிப்பு நின்றது. உதிரி பாகங்களும் குளோரினும், ஆயுதத்துக்குப் பயன்படலாம் என்ற சந்தேகத்தில், தடைக் குழுவில் தேங்கின. அழுக்குத் தண்ணீர் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மாண்டார்கள். எத்தனை பேர் என்பதில் தகராறு உண்டு. மிகைப்பட்ட கணக்குகளும் வந்தன. மாண்டார்கள் என்பதில் தகராறு இல்லை.

எண்ணெய் விற்று உணவு வாங்கலாம் என்று 1995இல் தீர்மானம் வந்தது. முதல் உணவு போய்ச் சேர்ந்தது 1997இல்! அந்த வேலையை மேற்பார்த்த ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே, மனம் பொறாமல் 1998இல் பதவி விலகினார். அடுத்து வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000இல் விலகினார்.

சதாம் பட்டினி கிடந்தாரா? இல்லை. ரேஷன் அவருடைய அரசின் கையில் இருந்தது. பசித்தவன் அவரையே அண்டி நின்றான். தண்டனை, தண்டிக்க நினைத்தவனின் பிடியையே இறுக்கியது.

அப்படியானால் எல்லாத் தடையும் தவறா? இல்லை, தோழர்களே. நிறவெறித் தென்னாப்பிரிக்காவுடன் இந்தியா 1946இலேயே வணிகத்தை முறித்தது. பின்னாளில் அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கமே உலகத்திடம் தடை கேட்டது. ஈராக் மக்களை யாரும் கேட்கவில்லை.

நாளை ஏதோ ஒரு நாட்டின் மீது தடை என்று செய்தி வரும். கைதட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த நாட்டு ஏழை இதைக் கேட்டானா? யார் வீட்டு அடுப்பு அணையும்?