ரூபாய்க் குறியும் எங்கள் கைநாட்டும்

(வேங்கிக்கால் மாணவர் கூட்டத்தில் பேசியது)



ஒரு புது யோசனையை எப்படி உருவாக்குறது, அதை நாலு பேர் முன்னால வெச்சு எப்படி ஒத்துக்க வைக்கிறதுன்னு பேசச் சொன்னீங்க. நான் ஓவியன் இல்லை. கவிதை எழுதுகிற வங்கி குமாஸ்தா. அதனால் தினமும் என் கண்ணில் படுகிற ஒரு படத்தைப் பற்றியே பேசுகிறேன். ரூபாய்க் குறி.

அதை வரைந்தவர் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். 2009-இல் நிதி அமைச்சகம் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்ததில் கடைசிச் சுற்றுக்குப் போனவை ஐந்து. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை இவருடையதை ஏற்றது.

தேவநாகரி ‘ர’வையும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஆரின் முதுகெலும்பை, அந்த நேர்க்கோட்டை, உருவிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். யோசனை அந்த நீக்கலில்தான் இருக்கு. மேலே நாகரியின் தலைக்கோடு, அதன்கீழ் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் மூவர்ணக் கொடி என்றும் சமக்குறி என்றும் விளக்கம் சொன்னார்கள். அதிகாரிக்குக் கொடி, கணக்குக்காரனுக்குச் சமக்குறி. முன்வைப்பது என்றால் இதுதான்: தீர்ப்பு சொல்றவன் எதைப் பார்ப்பான்னு தெரிஞ்சு வைக்கிறது.

ஆனா எனக்கு ஒரு உறுத்தல். தமிழ் எழுத்துக்குத் தலைக்கோடே கிடையாது. வரைந்தவரோ தமிழ் எழுத்துருக்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். நாடு முழுக்க ஏற்கிற பண்பாடு தெரியணும்னு கேட்டது அரசு. அப்படிக் கேட்டால் எந்த எழுத்து உள்ளே வரும், எது வெளியே நிற்கும்? அவரைக் குறை சொல்லலை. கேட்டவர்களின் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது என்கிறேன். 2025 மார்ச்சில் தமிழக அரசு பட்ஜெட் இலச்சினையில் ‘ரூ’ என்று போட்டதும் வந்த கூச்சல் நினைவிருக்கும்.

தமிழிலும் பழைய குறி ஒன்று உண்டு: ௹. எங்க வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த புரோநோட்டில்தான் முதலில் பார்த்தேன். மேலே ௹, கீழே தாத்தாவின் கைநாட்டு. அதனால் தமிழ்க் குறி என்பதற்காக மட்டும் என்னால் கொண்டாட முடியலை. சமக்குறின்னு சொல்றதையும் கவுண்டரில் உட்கார்ந்து நம்ப முடியலை.

ரூபாயைப் பற்றி நம்ம ஆளும் யோசிச்சார். அம்பேத்கரின் ‘ரூபாயின் பிரச்சினை’ 1923-இல் லண்டனில் வெளிவந்தது. பேராசிரியர் எட்வின் கேனன் பல இடங்களில் கருத்து வேறுபட்டார். ஆனாலும் முன்னுரை எழுதினார். உடன்படாதவரையும் உட்கார்ந்து படிக்க வைத்தது வாதத்தின் பலம். 1925-இல் ராயல் கமிஷன் முன்னாலும் போய் சாட்சியம் சொன்னார்.

இங்கே கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை வருகிற மனுக்களைப் பாருங்க. ஒவ்வொன்றும் ஒரு யோசனைதான். நீங்க சுடுகாட்டுப் பாதைக்கு எழுதப்போறதும் அப்படித்தான். நாலு பக்கம் வேண்டாம். நடந்து அளந்து, ஒரே தாளில் வரைபடம் போடுங்க; தேவையில்லாத கோட்டை எடுத்துடுங்க. முதலில் தெருவில் எழுத்து தெரியாத ஒரு ஆயாகிட்ட காட்டுங்க. பிணம் எந்த வழியா போகுதுன்னு அவங்க விரல் வெச்சுக் காட்டணும். காட்ட முடியலைன்னா திரும்ப வரையுங்க.