இல்லச் சின்னங்கள் உணர்த்தும் பொருள்



பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும் நாளிலே மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். இல்லத்துக்கொரு நிறம், இல்லத்துக்கொரு கூடாரம், அதன் முகப்பிலே ஒரு கேடயம். அக்கேடயத்தில் ஒரு விலங்கோ, மலரோ, வாளோ தீட்டப்பட்டிருக்கும். அதே சின்னத்தை நெஞ்சில் அணிந்துகொண்டு மாணவன் ஓடுகிறான். அதன் பொருள் யாதென வினவினால் அவனிடமிருந்து விடை கிடைப்பது அரிது. இயேசு சபையார் நடத்தும் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் இல்லப் பெயர்களாக வழங்கும் நால்வரை எடுத்துக்கொண்டு அப்பொருளைச் சிறிது ஆராய்வோம். லொயோலா இஞ்ஞாசியார், சவேரியார், கொன்சாகா ஞானப்பிரகாசியார், அருளானந்தர் எனப்படும் பிரிட்டோ ஆகியோரே அந்நால்வர்.

கேடயத்தில் சின்னம் தீட்டும் வழக்கம் ஐரோப்பாவிலே 12ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. இரும்புக் கவசத்தால் முகம் மறைந்த வீரனை, அவன் கேடயத்தைக் கொண்டே இனங்கண்டனர். நாளடைவில் அச்சின்னம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குலச்சொத்தாயிற்று. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்று நம் முன்னோர் கொண்டதும் இத்தகையதே. சின்னம் பிறப்பைக் காட்டிற்று; இன்னார் இன்ன குடியினர் என்று பறைசாற்றிற்று.

இனி, லொயோலாக் குடும்பத்தின் சின்னத்தைப் பாருங்கள். சங்கிலியில் தொங்கும் ஒரு கொப்பரை. அதன் இருமருங்கிலும் இரண்டு ஓநாய்கள். வீட்டாரும் போர்வீரரும் வயிறார உண்டபின்னும், காட்டு ஓநாய்க்கும் எஞ்சியிருக்கும் அளவுக்கு வளமும் வண்மையும் உடைய வீடு என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். லொயோலா என்னும் பெயர் தாங்கிய கல்வி நிலையங்கள் பலவற்றின் கேடயங்களில் இந்த ஓநாய்களை இன்றும் காணலாம். ஆனால், அவ்வீட்டிற் பிறந்த இஞ்ஞாசியார் செய்தது என்ன? 1521ஆம் ஆண்டிலே பம்ப்லோனாப் போரில் கால் முறிந்தார். அடுத்த ஆண்டு மொன்செராத் மலையிலே தம் உயர்ந்த ஆடையை ஓர் ஏழைக்கு ஈந்து, வாளைத் தேவமாதாவின் பீடத்திலே விட்டு நீங்கினார். 1541இல் சபையின் தலைவரானபோது தம் முத்திரையிலே பொறித்தது ஓநாய்களையன்று. இயேசுவின் திருநாமத்தைக் கிரேக்க மொழியில் எழுதும்போது வரும் முதல் மூன்று எழுத்துக்களையே பொறித்தார்.

சவேரியார் 1506இல் ஒரு கோட்டையிலே பிறந்தவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கடற்றொழிலாளரின் குடிசைகளிடையே தமிழிற் செபம் கற்பித்தார். அவரைக் குறிக்கும் சின்னங்களுள் நண்டும் ஒன்று. மொலுக்காஸ் தீவுகளின் அருகே, புயலிற் கடலில் வீழ்ந்த அவருடைய பாடுபட்ட சுரூபத்தை ஒரு நண்டு கரையிலே கொணர்ந்து கொடுத்ததென்பது மரபுக் கதை. ஓட்டிலே சிலுவைக் குறியுள்ள நண்டைச் சிலுவை நண்டு என்று நம் கடற்கரை மக்கள் அழைப்பதை அறிவீர்கள். கோட்டையிற் பிறந்தவருக்கு அடையாளமாய் அமைந்தது மீனவர் வலையில் அகப்படும் ஓர் எளிய உயிர்!

ஞானப்பிரகாசியாரின் சின்னம் லீலி மலர்; அது தூய்மையின் குறி. பெருநிலப் பிரபுவின் மூத்த மகனான அவர், 1585இல் தம் உரிமையனைத்தையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்துத் துறவு பூண்டார். உரோமையிலே கொள்ளைநோயாற் பீடிக்கப்பட்டோருக்குப் பணிவிடை செய்து, தாமும் நோயுற்று, 1591இல் 23ஆம் வயதில் உயிர் நீத்தார். ஆதலின் அம்மலர் வெறும் மென்மையைக் குறிப்பதன்று.

அருளானந்தருக்கு வாளும் குருத்தோலையும் உரியன. லிஸ்பன் நகரத்து உயர்குடியிற் பிறந்து, அரண்மனையில் வளர்ந்த அவர், மறவநாட்டிலே காவியுடுத்து மரக்கறியுண்டு வாழ்ந்தார். 1693இல் ஓரியூரிலே தலை வெட்டுண்டார். இங்கே வாள் வெட்டியவனுடையது, குருத்தோலையே அவருடையது. உரோமர் வெற்றிக்கு அடையாளமாகக் கொண்ட ஓலையைத் திருச்சபை வேதசாட்சிகளின் கையிலே கொடுத்தது.

நேயர்களே, இந்நால்வருக்கும் பொதுவான செய்தியொன்றுண்டு. நால்வரும் உயர்குடியிற் பிறந்தவர்கள். நால்வரும் அக்குடிப்பெருமையைத் தாமே துறந்தவர்கள். நம்மிடையே புதிதாய் ஒரு பிள்ளையைக் கண்டால் ‘ஆருடைய பிள்ளை?’ என்று கேட்கிறோம். அக்கேள்விக்குப் பின்னாலே, வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வியும் பல வேளைகளில் ஒளிந்திருக்கிறது. பள்ளியிலோ இடாப்பிலுள்ள வரிசைப்படி பிள்ளைகளை இல்லங்களுக்குப் பகிர்ந்துவிடுவதுண்டு. அப்பொழுது மீன்பிடிப்பவரின் மகனும் நியாயவாதியின் மகனும் ஒரே சின்னத்தை அணிகின்றனர். பிறப்பைப் பிரித்துக் காட்டிய கேடயம் பிறப்பை மறக்கச் செய்யும் கேடயமாக மாறுகின்றது. இதுவே இல்லச் சின்னத்தின் உட்பொருள் என்பது என் துணிபு.

ஆயினும், போட்டி முடிந்த பின்னும் பகைமை தொடருமாயின், தோற்ற இல்லத்தானை வென்றவன் இகழ்வானாயின், பழைய குலப்பிரிவுக்குப் பதிலாகப் புதியதொன்றை நாமே படைத்தவராவோம். ஓநாய்க்கும் உணவு எஞ்சிய வீட்டின் சின்னத்தை அணிந்தவன், அயல் இல்லத்தானுக்கு ஒரு கைதட்டலைத்தானும் மறுக்கலாமா?

இன்றிரவு உங்கள் பிள்ளையின் சட்டையிலுள்ள சின்னத்தைக் காட்டி, அதன் கதையைக் கேளுங்கள். அவன் அறியானாயின் இருவரும் சேர்ந்து தேடுங்கள். பொருளறிந்து அணியும் சின்னமே அணியாகும்.