பழைய புல்லட்டின் மங்கிய விளக்கு



மண்ணூர்பேட்டைக்கு மின்சாரக் கருவிகள் புதியவை அல்ல. அருகே பாடியில், 1961-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லூக்காஸும் நம் டி.வி.எஸ்ஸும் கூட்டாக நிறுவிய தொழிற்சாலை வண்டிகளுக்கு வேண்டிய டைனமோக்களைச் செய்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. இத்தகைய வட்டாரத்திலும், பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் விளக்கு மங்கினால் முதலில் பல்பை மாற்றுகிறார்கள், பிறகு பாட்டரியை. பணம் போகிறது, விளக்கு அப்படியே மங்கி எரிகிறது. திருவள்ளூர் நெடுஞ்சாலையில் இரவில் வரும் லாரிக்காரருக்கு அவ்வண்டி தென்படுவது வெகு அருகில் வந்த பின்னரே.

ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் கூடி 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் உருவாக்கிய பழைய புல்லட்டுகளின் மின்னமைப்பு 6 வோல்ட். இந்த 6 என்னும் எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. 30 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் போதும். 6 வோல்ட்டிலோ ஐந்து ஆம்பியர் வேண்டும். வழியில் துருவேறிய இணைப்பு ஒன்று 0.2 ஓம் தடை தருவதாகக் கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் இழப்பு ஏறக்குறைய அரை வோல்ட், யாரும் கவனியார். 6 வோல்ட்டில் ஒரு வோல்ட்டை நெருங்கும். வெளிச்சம் பாதிக்குச் சற்று மேலேதான் நிற்கும். லூக்காஸை 'இருளின் இளவரசர்' என்று ஆங்கிலேயர் கேலி செய்ததுண்டு. அக்கேலியில் பாதியேனும் துருவுக்கே உரியது என்பது என் கருத்து.

துரு எங்கே ஒளிந்திருக்கும்? மின்னோட்டம் விளக்குக்குச் செல்வது கம்பி வழியே. பாட்டரிக்குத் திரும்புவதோ வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியே. இதனையே பட்டறைக்காரர் 'எர்த்' என்கிறார்கள். முன்விளக்கிலிருந்து சட்டத்துக்கு வர, அது ஹேண்டிலைத் தாங்கும் குண்டுகளைக் கடக்க வேண்டும். அங்கே கிரீஸ் பூசியிருக்கிறது. கிரீஸில் மின்சாரம் எளிதில் பாயாது. ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு துடிக்குமானால், இவ்விடத்தையே முதலில் ஐயுறுங்கள்.

சோதனை எளிது. பாட்டரியின் எந்த முனை சட்டத்தோடு சேர்ந்திருக்கிறதோ, அம்முனையிலிருந்து தனிக் கம்பி ஒன்றை விளக்குக் கூட்டின் வெற்று உலோகத்தில் தொடுங்கள். ஒளி பளிச்சென்று எழுந்தால் குறை திரும்பும் வழியில்தான். முனையைப் பார்த்துச் செய்க! பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு சேர்ந்திருக்கும். இக்காலப் பழக்கத்தில் பாட்டரியை மாற்றி இணைத்தால் ரெக்டிஃபயர் கெட்டுவிடும்.

முன்விளக்குக்கு மேலே அமைந்த அம்மீட்டரும் பேசும். எஞ்சினை நிறுத்தி விளக்கைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாய வேண்டும். அசையவே இல்லையெனில் எங்கோ சுற்று அறுந்திருக்கிறது. ஒரேயடியாகக் கோடிக்குத் தாவினால் ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். எஞ்சின் வேகமாக ஓடியும் முள் கூட்டல் பக்கம் ஏறவில்லையெனில், விளக்கை விட்டு மின்னாக்கியை ஆராயுங்கள்.

எர்த்தே குறையெனில், இணைப்பைப் பிரித்து உப்புத்தாளால் பெயின்ட் போகத் தேய்த்து இறுக்குங்கள். விளக்குக் கூட்டிலிருந்து சட்டம் வரை நல்ல பருமனான கம்பி ஒன்றையும் இழுத்துவிடுங்கள். ஹேண்டில் இருபுறமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு அதில் தளர்வு இருக்கட்டும்.