கண்டல் நடுவோம், கணக்கும் வைப்போம்

(கும்பளங்கியில் இளைஞர் குழுவினருக்கும் புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கும் ஆற்றிய உரை)



நம் கும்பளங்கியைச் சுற்றிலும் காயல். சீனவலையும் கரிமீனும் நண்டும் பொக்காளி வயலும் நமக்குச் சோறு போடுகின்றன. மழைக்காலத்தில் பொக்காளி நெல். அறுவடை முடிந்தால் அதே வயலில் இறால். எல்லாம் காயல் தருவது.

அதே காயல்தான் வேலியேற்றக் காலத்தில் வீட்டுக்குள் வருகிறது. உப்புத் தண்ணீர் சுவரை அரிக்கிறது. கக்கூசுக் குழி நிரம்புகிறது. கரை மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. இதற்கு நம் கையால் என்ன செய்யலாம்?

ஒரு வேலை செய்யலாம். கரையோரம் கண்டல் நடலாம். தமிழில் இதற்கு அலையாத்தி என்றும் பெயர் உண்டு. அலையை ஆற்றுவது அலையாத்தி. பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

கண்டலின் வேர் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். அலையின் வேகத்தைக் குறைக்கும். வேர்களுக்கு நடுவில் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் ஒளிந்து வளரும். உதிரும் இலை மட்கி அவற்றுக்கு இரையாகும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கண்டல் நட்டால் வேலியேற்றமே வராது என்று நினைக்காதீர்கள். கடல் மட்டம் உயர்ந்தால் தண்ணீர் வரத்தான் செய்யும். தோட்டையும் தூம்பையும் சரியாக வைப்பது தனி வேலை. கண்டல் கரையைக் காக்கும். மீனை வளர்க்கும். அதுவே பெரிய உதவி.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டுமா? கண்ணூர் மாவட்டத்தில் பழையங்காடிப் பக்கம் கல்லேன் பொக்குடன் என்று ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பு மிகவும் குறைவு. கூலி வேலை செய்தவர். 1989-இல் ஆற்றங்கரையில் கண்டல் விதைகளை நடத் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். அவர் விடவில்லை. நட்டவை காடாயின. பிறகு தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் ஆக்கினார். 2015-இல் காலமானார். அவர் வளர்த்த கண்டல் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

சரி, நாம் எப்படித் தொடங்குவது? ஆர்வம் மட்டும் போதாது. திட்டம் வேண்டும்.

முதல் வேலை: இடம் பார்ப்பது. ஒரே இடத்தை வேலியேற்றத்திலும் பாருங்கள், இறக்கத்திலும் பாருங்கள். வலை போடும் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கே முன்பு கண்டல் இருந்தது? எங்கே படகு போகும்? தோட்டின் நடுவிலும் தூம்பு வாயிலும் நடக்கூடாது. நட்டால் தண்ணீர் ஓட்டம் அடைபடும்.

இரண்டாம் வேலை: அனுமதி வாங்குவது. கரை யாருடையது? இது முக்கியமான கேள்வி. கண்டல் காட்டை வெட்டச் சட்டத்தில் தடை இருக்கிறது. அதனால் தன் நிலத்தில் கண்டல் வளர்ந்தால் நிலமே கைவிட்டுப் போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் நட்டால் சண்டைதான் வளரும். முதலில் பொது இடத்தில் நடுங்கள். பஞ்சாயத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள். அதை வேறு ஒருவரிடம் எழுதக் கொடுக்காதீர்கள். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாம் வேலை: விதை சேர்ப்பது. பிராந்தன் கண்டலின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். அதைப் பிடுங்க வேண்டாம். மழைக்காலத்தில் தானாக விழுந்ததைப் பொறுக்குங்கள். பூச்சி துளைத்ததைத் தள்ளுங்கள். கூரான முனை கீழே, மொட்டு மேலே. மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள்.

நான்காம் வேலை: நேரம் குறிப்பது. தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். இறக்க நேரத்தில் தொடங்கி, ஏற்றம் வருமுன் கரை ஏற வேண்டும்.

ஐந்தாம் வேலை: பிள்ளைகளின் பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சிறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரை வையுங்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் தலையை எண்ணுங்கள். வஞ்சியில் அதிகம் பேரை ஏற்றாதீர்கள். சேற்றில் சிப்பி காலைக் கிழிக்கும். அதனால் செருப்பு அல்ல, மூடிய காலணி வேண்டும். காலில் புண் உள்ளவர் கரையிலேயே நின்று கணக்கு எழுதட்டும். எலிக்காய்ச்சல் பயம் உண்டு. முன்கூட்டியே சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அந்த மரத்தைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள்.

ஆறாம் வேலை: திரும்பிப் போவது. பல இடங்களில் நடும் நாளன்று கூட்டம், படம், கைதட்டல். மறுமாதம் ஒருவரும் இல்லை. பிளாஸ்டிக் உறை கன்றில் சுற்றிக்கொள்ளும். மாடு, ஆடு மேய்ந்துவிடும். ஆகவே மாதம் ஒரு முறை போக வேண்டும். குப்பையை எடுக்க வேண்டும். பட்ட இடத்தில் வேறு நட வேண்டும்.

இதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நான்கு கட்டம் போதும். தேதி. வேலியிறக்க நேரம். நட்டது எத்தனை. உயிரோடு இருப்பது எத்தனை. 100 நட்டு 40 பிழைத்தால் 40 என்றே எழுதுங்கள். கூட்டி எழுதினால் யாருக்கு நஷ்டம்? நமக்குத்தான். ஏன் 60 பட்டது என்று தேடினால்தான் அடுத்த ஆண்டு சரியான இடம் கிடைக்கும்.

எழுத்துக் கற்றது கையெழுத்துப் போட மட்டுமா? இந்த நோட்டை எழுதவும்தான். வலை போடும் அண்ணன் தண்ணீரைப் படிப்பார். பிள்ளைகள் சேற்றில் இறங்குவார்கள். இப்போது எழுதக் கற்ற அம்மா கணக்கு வைப்பார். மூன்று பேரும் சேர்ந்தால் கரை நிற்கும்.

இன்று கலையும் முன் இரண்டு காரியம் முடிப்போம். இடம் பார்க்கப் போகும் நாளைக் குறிப்போம். நோட்டை யார் வைத்திருப்பது என்று முடிவு செய்வோம். 

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டுக்கு அருகில் முன்பு கண்டல் எங்கே இருந்தது?
2. தூம்பு வாயில் கண்டல் நட்டால் என்ன ஆகும்?
3. பஞ்சாயத்துக்கு ஐந்து வரியில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்.